சோறு இரண்டு மடங்கு வேண்டாம்: முதல் கர்ப்பத்துக்கு ஒரு சாப்பாட்டு வழிகாட்டி

முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது இரும்புச் சத்து மாத்திரையை நான் ஒரு நாள்கூட விட்டதில்லை. காலையில் மாமியார் டபராவில் காபி ஆற்றிக் கொடுப்பார். முதல் வாய்க் காபியோடு மாத்திரையை விழுங்குவேன், கையோடு கால்சியம் மாத்திரையையும் போட்டுக்கொள்வேன். ஒரே மூச்சில் இரண்டு வேலை முடிந்தது என்று திருப்தி வேறு. ஏழாம் மாதம் ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் 9.2.

"மாத்திரையெல்லாம் ஜன்னல் வழியாத் தூக்கிப் போட்டாச்சா?" என்று நர்ஸம்மா கேட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. "இல்லீங்க, தினமும் போடறேன்." "சரி, எதோட போடறீங்க?" அந்தக் கேள்விக்குப் பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. காபியிலும் டீயிலும் உள்ள துவர்ப்புப் பொருட்கள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கால்சியமும் தன் பங்குக்கு இரும்பை உள்ளே விடாது. அதுவரை நான் விழுங்கிய மாத்திரையில் பெரும்பகுதி உடம்பில் சேராமலேயே போயிருக்கிறது.

அதனால்தான் இந்தக் கட்டுரையில் என்ன சாப்பிடுவது என்பதைவிட எப்போது, எதோடு என்பதற்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன். "ரெண்டு உசுருக்குச் சாப்பிடணும்" என்று எல்லோரும் சொல்வார்கள். அதைக் கேட்டு நாம் கூட்டுவது சோற்றைத்தான். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு வேண்டியதோ சோற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் பொருட்கள். அதிலும் எது எந்த மாதத்தில் வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கிறது.

படி 1: நாள் தள்ளிப்போகும் முன்பே ஃபோலிக் அமிலம்

குழந்தையின் மூளையும் தண்டுவடமும் ஒரு குழாயாகத்தான் உருவாகத் தொடங்குகின்றன. அந்தக் குழாய் கருத்தரித்துச் சுமார் 28 நாளில் மூடிக்கொள்ளும். அந்த நேரத்தில் பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்பதே தெரிந்திருக்காது. அப்போது உடம்பில் ஃபோலேட் போதாவிட்டால் குழாய் சரியாக மூடாமல் போகும் ஆபத்து கூடுகிறது. அதனால் பிள்ளை வேண்டும் என்று முடிவு செய்த மாதத்திலிருந்தே தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமில மாத்திரை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். விலையும் அதிகமில்லை. ஏற்கெனவே இந்தக் குறைபாட்டோடு குழந்தை பிறந்திருந்தாலோ, வலிப்பு மாத்திரை சாப்பிடுபவராக இருந்தாலோ உங்கள் அளவு வேறு. அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

இந்தச் சத்தின் கதை நம் நாட்டில் ஆரம்பித்தது என்பது பலருக்குத் தெரியாது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928இல் பம்பாய்க்கு வந்தார். அங்கே பஞ்சாலையில் வேலை பார்த்த ஏழைக் கர்ப்பிணிகளுக்கு வந்த கடுமையான ரத்தசோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட்டிலிருந்து செய்யும் மலிவான மார்மைட்டைக் கொடுத்தபோது அவர்கள் தேறினார்கள். அதில் இருந்த ஏதோ ஒன்று வேலை செய்கிறது என்று 1931இல் எழுதினார். பத்து ஆண்டு கழித்து, 1941இல், அமெரிக்காவில் டன் கணக்கில் பசலைக் கீரையைக் காய்ச்சி அந்தச் சத்தைப் பிரித்தெடுத்தார்கள். இலை என்பதற்கான லத்தீன் சொல்லிலிருந்து அதற்குப் பெயரும் வைத்தார்கள்.

இலைப் பொருள் என்பதால் கீரையில் நிறைய உண்டு. ஆனால் அதிக நேரம் கொதித்தால் வீணாகும், வேகவைத்த தண்ணீரில் இறங்கிவிடும். கீரையை வடித்துக் கொட்டுகிற பழக்கம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். அந்தத் தண்ணீரை ரசத்திலோ குழம்பிலோ சேர்க்கலாம். அதற்காகக் கீரையே போதும் என்று மாத்திரையை விட்டுவிடவும் கூடாது.

படி 2: பதிவு, எடை, ரத்தம்

சிறுநீர்ச் சோதனையில் உறுதியானதும் பகுதி கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பதிவு செய்யுங்கள். தனியார் மருத்துவமனையில் பார்ப்பவர்களும் செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் பிக்மி எண் என்று ஒன்று தருவார்கள். பின்னால் பிறப்புச் சான்றிதழுக்கு அது வேண்டும். 12 வாரத்துக்குள் பதிந்தால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் விண்ணப்பிக்கலாம். மொத்தம் 18,000 ரூபாய். அதில் 14,000 தவணைகளாக வங்கிக் கணக்குக்கு வரும். மீதிக்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம் கொடுப்பார்கள். அந்தப் பெட்டகத்தின் சத்து மாவும் நெய்யும் கர்ப்பிணிக்கு என்று வந்தவை. வீட்டுக்கு வந்ததும் அது எல்லோருக்குமான பலகாரமாகிவிடுவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். அங்கன்வாடியிலும் மாதாமாதம் இணை உணவு மாவு கிடைக்கும். வாங்க வெட்கப்படாதீர்கள்.

முதல் பரிசோதனையில் மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: எடை, ஹீமோகுளோபின், சர்க்கரை. கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை, 7க்குக் கீழே என்றால் கடுமையானது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. அதாவது உங்களுக்கு இருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. முதல் மாதங்களிலேயே கண்டுபிடித்தால் ஏற்றிவிடலாம். ஒன்பதாம் மாதம் தெரிந்தால் ஊசியும் ரத்தமும் தேட வேண்டியிருக்கும்.

"எப்படியும் பிள்ளை தனக்கு வேண்டியதைத் தாய்கிட்டேருந்து உறிஞ்சிக்கும்" என்பார்கள். பாதி உண்மை. லேசான குறை இருந்தால் பிள்ளைக்குத்தான் முன்னுரிமை, தாய்தான் வற்றுவாள். குறை கூடினால் பிள்ளையின் சேமிப்பிலும் கை வைக்கும். பிள்ளையின் எடை 2.5 கிலோவுக்குக் குறைவதும், குறைமாதத்தில் பிறப்பதும் ரத்தசோகை கூடிய பெண்களிடம்தான் அதிகம்.

படி 3: மசக்கை மாதங்கள்

முதல் மூன்று மாதம் வாந்தி இருந்தால் சத்துக் கணக்கையெல்லாம் தூரப் போடுங்கள். குழந்தை அப்போது கட்டைவிரல் அளவு. கூடுதல் சோறு எதுவும் அதற்குத் தேவையில்லை. எது வயிற்றில் தங்குகிறதோ அதைச் சாப்பிடுங்கள். படுக்கையை விட்டு எழும் முன் பொரியோ ரஸ்க்கோ இரண்டு வாய், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம், சாப்பிடும்போது தண்ணீர் குடிக்காமல் இடையில் குடிப்பது. இவ்வளவு போதும். எனக்கு உப்பும் மிளகாய்த்தூளும் தொட்ட மாங்காயும், ஆறிய இட்லியும்தான் தங்கின. சூடான எதுவும் வாசனையாலேயே வெளியே வந்துவிடும். ஆனால் தண்ணீர்கூடத் தங்காமல், சிறுநீர் குறைந்து கடும் மஞ்சளாகப் போனால் அது மசக்கை என்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் விஷயமில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

சாம்பல், திருநீறு, பல்பம், பச்சரிசி தின்னத் தோன்றுகிறதா? ஆசை என்று சிரித்துவிடாதீர்கள். அது பெரும்பாலும் இரும்புச் சத்துக் குறைவின் அடையாளம். செவிலியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

படி 4: நான்காம் மாதத்திலிருந்து தட்டு

எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அப்போது ஐந்தாம் மாதம். ஒருநாள் மதியம் இரண்டரை மணிக்குப் போனேன். எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு அவள் தட்டு போட்டு உட்கார்ந்திருந்தாள். குவியலாகச் சோறு. மேலே அடிச்சட்டி சாம்பார், பருப்பெல்லாம் முன்னால் போய்விட்டதால் வெறும் புளித்தண்ணீர். ஓரத்தில் ஒரு அப்பளம், நாலு துண்டு உருளைக்கிழங்கு வறுவல்.

"முட்டை பொரியல் வாசனை வந்துச்சே?"

"அது அவருக்கும் மாமாவுக்கும் போட்டேன்கா. ரெண்டுதான் இருந்துச்சு."

வயிறு நிறைய வேண்டும் என்றால் அந்தத் தட்டு போதும். பிள்ளை வளர வேண்டும் என்றால் போதாது. கடைசியில் சாப்பிடுகிறவளுக்குச் சோறு எப்போதும் மிஞ்சும். பருப்பும் முட்டையும் மீனும் மிஞ்சாது. கர்ப்பிணியின் சாப்பாட்டில் நான் முதலில் மாற்றச் சொல்வது பந்தி வரிசையைத்தான். அவள் தட்டில் முதலில் போட்டுவிட்டு மற்றவர்களுக்குப் பரிமாறுங்கள். மாமியார்கள் இதைப் படித்தால், இது உங்களுக்கான வரி. கணவர்களுக்கும்தான்.

சரி, எவ்வளவு கூட்டுவது? ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்லும் கணக்கு, நாளுக்கு 350 கலோரி கூடுதல். கேட்கப் பெரிதாக இருக்கும். ஒரு டம்ளர் பால், ஒரு வேகவைத்த முட்டை, ஒரு கைப்பிடி வேர்க்கடலை, அவ்வளவுதான். புரதத்தைப் பாருங்கள்: நடு மூன்று மாதத்தில் நாளுக்குச் சுமார் 9.5 கிராம் கூடுதல், கடைசி மூன்று மாதத்தில் 22 கிராம் கூடுதல். கலோரி அப்படியே இருக்க, புரதம் இரண்டு மடங்குக்கு மேல் ஏறுகிறது. அந்த முட்டையும் பாலும் கடலையும் சேர்ந்தாலே கிட்டத்தட்ட 20 கிராம் வந்துவிடும். மாலையில் ஒரு கிண்ணம் சுண்டல் சேர்த்தால் கணக்கு தாராளமாக முடிந்தது.

ஒரு சாதாரண நாள் இப்படி இருக்கலாம். காலையில் இரண்டு மூன்று இட்லி, சட்னிக்குப் பதில் கெட்டியான சாம்பார், ஒரு முட்டை. பதினோரு மணிக்குக் கேழ்வரகுக் கூழோ மோரோ, ஒரு கொய்யா. கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்குக் குறையாத கால்சியம் உண்டு. அரிசி கிட்டேயே வராது. மதியம் வழக்கமாகப் போடும் சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து, பருப்பை ஒரு கரண்டி கூட்டுங்கள். கூடவே முருங்கைக்கீரையோ அரைக்கீரையோ, மீன் கிடைத்தால் மீன், கடைசியில் தயிர். ஐந்து மணிக்குச் சுண்டல், அல்லது கருப்பட்டி போட்ட எள்ளுருண்டை. இரவு தோசை, பொட்டுக்கடலைச் சட்னி, தூங்கும் முன் பால். இதில் கடையில் தேடி வாங்க வேண்டிய பொருள் ஒன்றுகூட இல்லை. டப்பாவில் வரும் ஊட்டச்சத்துப் பவுடர்களுக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்பவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான் வரும். அந்தக் காசுக்கு மூன்று மாத முட்டை வாங்கலாம்.

இரும்புக்கு என்று மாதுளையும் பீட்ரூட்டும் பேரீச்சையும் வாங்கி அடுக்குவார்கள். நல்ல பொருட்கள்தான். ஆனால் சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தம் ஆகாது. அசைவம் சாப்பிடுபவர்களுக்கு ஆட்டுச் சுவரொட்டி பெரிய வரம். பாட்டிகள் சொன்னது இதில் முழுக்கச் சரி. நன்றாக வேகவைக்க வேண்டும், அதுதான் நிபந்தனை. ஈரல் விஷயத்தில் மட்டும் அடக்கம் தேவை. அதில் வைட்டமின் ஏ மிக அதிகம். முதல் மூன்று மாதத்தில் அளவுக்கு மீறினால் கருவுக்குக் கெடுதல். சைவக்காரர்கள் கீரை, பயறு, எள் சாப்பிடும்போது மேலே எலுமிச்சை பிழியுங்கள், இல்லாவிட்டால் கூடவே ஒரு நெல்லிக்காய் கடியுங்கள். செடியில் இருக்கும் இரும்பை வைட்டமின் சி தான் உள்ளே தள்ளிவிடும்.

முற்றும் சைவமாக இருப்பவர்கள் பி12 அளவை ஒருமுறை பார்த்துவிடுங்கள். அந்தச் சத்து மாமிசம், மீன், முட்டை, பாலில்தான் உண்டு. புனே கே.இ.எம். மருத்துவமனையின் டாக்டர் யாக்னிக் குழுவினர் 1993இலிருந்து அருகிலுள்ள ஆறு கிராமங்களின் கர்ப்பிணிகளையும் பிறகு அவர்கள் பிள்ளைகளையும் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ. இங்கிலாந்துக் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. ஆனால் குறைந்திருந்தது பெரும்பாலும் தசையும் வயிற்று உறுப்புகளும். கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. ஒல்லியாகத் தெரிந்தாலும் உள்ளே கொழுப்புப் பங்கு கூடிய குழந்தைகள். கீரை, பழம், பால் அடிக்கடி சாப்பிட்ட தாய்மாரின் குழந்தைகள் பிறக்கும்போதே பெரிதாக இருந்தன. தாய்க்கு ஃபோலேட் அதிகமாகவும் பி12 குறைவாகவும் இருந்த வீடுகளில், பிள்ளைகளுக்கு ஆறு வயதிலேயே இன்சுலின் சரியாக வேலை செய்யாத அறிகுறி தெரிந்தது. ஃபோலிக் மாத்திரை போட்டால் போதும், பாலும் முட்டையும் எதற்கு என்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

உப்பைச் சொல்ல மறந்துவிடுவேன். நம் வீடுகளில் கல் உப்புதான் ஓடுகிறது. பாக்கெட்டில் அயோடின் கலந்தது என்று போட்டிருக்கிறதா பாருங்கள். குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு அயோடின் இல்லாமல் ஆகாது. அது இருக்கும் கல் உப்பும் கடையில் கிடைக்கிறது. ஜாடியை மூடி வையுங்கள், குழம்பு இறக்கும் நேரத்தில் போடுங்கள்.

எடை ஏறுகிறதா என்று மாதாமாதம் பாருங்கள். நடுத்தர உடம்புக்காரருக்கு மொத்தம் 10 முதல் 12 கிலோ ஏறுவது நல்லது. ஒல்லியாக இருந்தவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடலாம். ஏற்கெனவே பருமனாக இருந்தால் அவ்வளவு வேண்டாம். "பிள்ளை பெருசாயிட்டா சுகப்பிரசவம் ஆகாது" என்று எட்டாம் மாதம் சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்தப் பேச்சை மட்டும் கேட்காதீர்கள். பிள்ளை எடை போடுவதே அந்த மாதங்களில்தான்.

படி 5: மாத்திரை நேரம்

என் தவறு உங்களுக்கு நடக்க வேண்டாம். நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒரு இரும்பு மாத்திரை கொடுப்பார்கள். அரசு தருவது சிவப்பு நிறம், 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் சேர்ந்தது. குறைந்தது 180 நாள். கால்சியம் 500 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு.

கால்சியத்தைக் காலை உணவோடு ஒன்று, இரவு உணவோடு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். இரும்பை மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ, இரண்டு மணி நேரம் பின்போ, எலுமிச்சைச் சாற்றோடு போடுங்கள். இரண்டுக்கும் நடுவில் இரண்டு மணி நேரமாவது இருக்க வேண்டும். காபி, டீ, பால் எதுவும் இரும்பின் பக்கத்தில் வரக் கூடாது. வயிற்றைப் புரட்டினால் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் போடலாம். பலன் சற்றுக் குறையும், ஆனால் மாத்திரையையே நிறுத்துவதைவிட அது எவ்வளவோ மேல். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். மலச்சிக்கலுக்கு வாழைப்பழம், தண்ணீர், கீரை. அப்படியும் ஹீமோகுளோபின் ஏறாவிட்டால் நரம்பு வழியாக இரும்பு ஏற்றும் சிகிச்சை இருக்கிறது. பலர் பயந்து தள்ளிப்போடுகிறார்கள், தேவையில்லை.

நடு மூன்று மாதத்தில் ஒருமுறை குடற்புழு மாத்திரையும் தருவார்கள். கொக்கிப்புழு உள்ளே ரத்தம் குடித்துக்கொண்டிருந்தால் எத்தனை சுவரொட்டி தின்றும் பயனில்லை.

படி 6: கடைசி மூன்று மாதம், பிள்ளையின் எதிர்ப்பு சக்தி

பிறந்த குழந்தைக்குச் சொந்தமாக நோயை எதிர்க்கும் பயிற்சி இல்லை. முதல் சில மாதங்களுக்குத் தாயிடம் வாங்கி வந்த எதிர்ப்பொருட்களை வைத்துத்தான் சமாளிக்கிறது. உங்கள் ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பொருட்களில் ஐஜிஜி என்ற வகை நஞ்சுக்கொடி வழியாக உள்ளே போகும். நான்காம் மாதத்திலேயே கொஞ்சம் போகத் தொடங்கினாலும், பெரும்பகுதி கடைசி சில வாரங்களில்தான் போகிறது. நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தையின் ரத்தத்தில் அது தாயைவிடக் கூடுதலாகக்கூட இருக்கும். குறைமாதக் குழந்தைகளுக்கு அடிக்கடி கிருமி தொற்றுவதற்கு இதுவும் ஒரு காரணம், வாங்க வேண்டியதை வாங்கி முடிக்கும் முன்பே வெளியே வந்துவிட்டார்கள்.

சாப்பாடு இங்கே இரண்டு வழியில் வருகிறது. ஒன்று, ரத்தசோகையும் சத்துக்குறைவும் குறைமாதப் பிரசவ ஆபத்தைக் கூட்டும். இரண்டாவது, வயிற்றில் வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கு எதிர்ப்பு அணுக்கள் பயிற்சி பெறும் தைமஸ் சுரப்பி சிறியதாக இருக்கிறது. ஆப்பிரிக்காவின் காம்பியாவில் அறுவடைக்கு முந்தைய, சாப்பாடு கிடைக்காத மாதங்களில் பிறந்தவர்கள், வாலிப வயதுக்குப் பிறகு மற்றவர்களைவிட அதிகமாக இறந்ததாக 1997இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அந்த இறப்புகள் பெரும்பாலும் தொற்று நோயால். பங்களாதேஷில் இதே கேள்வியைக் கேட்டபோது அப்படித் தெரியவில்லை. அதனால் "நீ இதைச் சாப்பிடாததால் பிள்ளைக்குச் சளி" என்று யாராவது உங்களைக் குற்றம் சொன்னால் காதில் வாங்காதீர்கள், அறிவியல் அவ்வளவு நேர்க்கோடாக எதையும் சொல்லவில்லை.

எதிர்ப்பு சக்திக்கு என்று தனிக் கஷாயம் எதுவும் வேண்டாம். வைட்டமின் ஏ பப்பாளிப் பழத்திலும் கீரையிலும் கேரட்டிலும், துத்தநாகம் பயறிலும் எள்ளிலும் இறைச்சியிலும் வருகிறது. மத்தி, நெத்திலி மாதிரிச் சிறிய மீன்களில் நல்ல கொழுப்பு உண்டு, பாதரசம் குறைவு. அப்புறம், தடுப்பூசி. டெட்டனஸ், தொண்டை அடைப்பான் இரண்டுக்குமான ஊசியை நான்கு வார இடைவெளியில் இரண்டு முறை போடுவார்கள். நீங்கள் போட்டுக்கொள்ளும் ஊசியின் எதிர்ப்பொருளும் அதே கொடி வழியாகத்தான் பிள்ளைக்குப் போகிறது. தொப்புள்கொடி வெட்டிய புண்ணில் ஜன்னி கண்டு குழந்தைகள் இறந்த காலம் முடிந்ததற்கு அந்த ஊசியும் சுத்தமான பிரசவமும்தான் காரணம்.

படி 7: சர்க்கரை

இது வளர்ச்சிக்கு இன்னொரு முனை. தாய்க்கு ரத்தத்தில் சர்க்கரை கூடினால் பிள்ளை அளவுக்கு மீறிக் கொழுக்கும், பிறந்ததும் அதற்குச் சர்க்கரை திடீரென்று இறங்கும். சென்னையைச் சேர்ந்த டாக்டர் வி. சேஷையா இதற்கு ஓர் எளிய சோதனையை நம் நாட்டுக்குப் பொருத்தமாகப் பரவலாக்கினார். வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு ரத்தச் சோதனை. 140 அல்லது அதற்கு மேல் என்றால் கவனிக்க வேண்டும். முதல் வருகையில் ஒருமுறை, 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி. அந்தக் குளுக்கோஸ் தண்ணீர் குமட்டும், எலுமிச்சை பிழியலாமா என்று செவிலியரிடம் கேளுங்கள். சர்க்கரை இருப்பதாகத் தெரிந்தால் பட்டினி கிடக்காதீர்கள். வெள்ளைச் சோறு, மைதா, பழச்சாறு, இனிப்பைக் குறைத்துப் பருப்பையும் காயையும் கூட்டுங்கள். சாப்பிட்ட பின் பத்துப் பதினைந்து நிமிடம் நடங்கள். பல பேருக்கு அதிலேயே அடங்கிவிடும்.

படி 8: வேண்டாதவை, வீண் பயங்கள்

ஆஃப்பாயில், காய்ச்சாத பால், வேகாத இறைச்சி வேண்டாம். சுறா மாதிரிப் பெரிய மீன்களை அடிக்கடி வேண்டாம். ஃபில்டர் காபி நாளுக்கு இரண்டு சின்ன டம்ளர் போதும். மது, புகையிலை பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை, துளியும் கூடாது.

பப்பாளிக் காய் வேண்டாம், பால் வடியும் காயில் கருப்பையைச் சுருக்கும் பொருள் உண்டு. நன்றாகப் பழுத்ததைச் சாப்பிடலாம். குங்குமப்பூ சாப்பிட்டால் குழந்தை சிவப்பாகப் பிறக்கும் என்பதும், இரும்பு மாத்திரையால் கறுப்பாகப் பிறக்கும் என்பதும் ஒரே பையிலிருந்து வந்த கதைகள். நிறம் பெற்றோரிடமிருந்து வருவது. கிரகணத்தன்று மணிக்கணக்கில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவிடாமல் கர்ப்பிணியை அறைக்குள் வைப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பெரியவர்கள் மனம் நோகாமல், அறைக்குள்ளேயே ஒரு சொம்புத் தண்ணீரும் நாலு வாழைப்பழமும் வைத்துக்கொள்ளுங்கள்.

தலை பிளக்கும் வலி, பார்வை மங்கல், முகமும் கையும் திடீரென வீங்குவது, ரத்தப்போக்கு, பிள்ளை அசைவு குறைவது: இவற்றுக்கு உணவில் வைத்தியம் கிடையாது. 108ஐக் கூப்பிடுங்கள்.

படி 9: பிரசவ அறையும் அதற்குப் பிறகும்

பிள்ளை பிறந்ததும் கொடியை உடனே வெட்டாமல் ஒரு நிமிடத்திலிருந்து மூன்று நிமிடம் வரை பொறுக்கச் சொல்லலாமா என்று முன்கூட்டியே மருத்துவரிடம் பேசி வையுங்கள். அந்த இரண்டு நிமிடத்தில் கூடுதலாகப் போகும் ரத்தம் பிள்ளைக்குப் பல மாத இரும்பு. முதலில் வரும் மஞ்சள் நிறச் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குடலில் பூசிக்கொண்டு காவல் இருக்கும் எதிர்ப்பொருள் அதில்தான் அடர்த்தியாக இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுங்கள். சேனை வைப்பது என்று சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாக்கில் தடவ வருபவர்களை அன்பாகத் தடுத்துவிடுங்கள். தேன் ஒரு வயது வரை ஆகாது.

பத்தியச் சாப்பாட்டில் பூண்டுக் குழம்பு, மிளகு, கருவாடு எல்லாம் இருக்கட்டும். ஆனால் "புண் ஆறாது" என்று தண்ணீரையும் பருப்பையும் காயையும் நிறுத்துவது தவறு. பால் கொடுக்கும் முதல் ஆறு மாதம் நாளுக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும், கர்ப்ப காலத்தைவிட அதிகம். பால் ஊறப் பால்சுறாப் புட்டு செய்து தருவார்கள், ருசியான சாப்பாடுதான். எப்போதாவது சின்னச் சுறாவில் செய்தால் போதும். மற்ற நாளில் அதே மசாலாவில் முட்டைப் புட்டு செய்து பாருங்கள், பெரிய வித்தியாசம் தெரியாது.

இரும்பு மாத்திரை பிரசவத்தோடு முடிவதில்லை. இன்னும் 180 நாள், கால்சியமும் அதே போல ஆறு மாதம். குழந்தை வந்த பரபரப்பில் எல்லோரும் விட்டுவிடுவது இதைத்தான். என் இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு மாத்திரைப் பட்டையைத் தொட்டில் கயிற்றிலேயே ரப்பர் போட்டுக் கட்டி வைத்தேன். காபி டம்ளரை அந்தப் பக்கமே கொண்டு வரக் கூடாது என்று வீட்டில் சட்டம். அந்தப் பட்டைகள் தீரும் சமயத்தில் பிள்ளைக்கும் ஆறு மாதம் முடியும், வயிற்றில் சேர்த்து வந்த இரும்பும் தீரும். கேழ்வரகுக் கூழை அடுப்பில் ஏற்ற வேண்டிய வாரம் அது.